நான்காம் பத்தி

மூன்றாம் பத்தியை வாசிக்கும்போது
என் குரல் தானாகவே இளகிவிடும்:
"நீங்கள் சொல்வது இந்த அறையைத் தாண்டாது.
உங்கள் பெயருக்குப் பதில் ஓர் எண்."
நான்காம் பத்தி 'ஆனால்' என்று தொடங்கும்.
அங்கே கொஞ்சம் ஓடுவேன்,
ரேடியோ விளம்பரத்தின் கடைசி வரியைப் போல.

ஊரின் பெயர் மிச்சம்.
லண்டனின் தெற்கு ஓரம்.
சலவைக்கடைக்கு மேல் ஒரு வாடகை அறை.
கீழே இயந்திரம் சுழலும்போதெல்லாம்
மேசையில் தண்ணீர் நடுங்கும்.
இரவு வேலைக்காரர்களின் உறக்கம் பற்றிய ஆய்வு.
உறக்கம் மட்டும்தான்.
வேறெதையும் கேட்க எங்களுக்கு அனுமதி இல்லை.

பதினேழாம் எண்
சாண்ட்விச் ஆலையிலிருந்து நேரே வந்திருந்தார்.
விரல்களில் அவித்த முட்டை வாசம்.
"அந்த நாலாவதை இன்னொருக்கா வாசியுங்கோ."
வாசித்தேன்:
பிள்ளைக்கோ வேறெவருக்கோ
பாரதூரமான தீங்கு நேர்வதாகத் தெரிந்தால்
நாங்கள் அறிவிக்க வேண்டியிருக்கும்.
"பாரதூரம் எண்டா எவ்வளவு தூரம், தங்கச்சி?"

நான் சிரித்தேன்.
அந்த ஒரு சொல்லுக்காக ஆறு கிழமை
குழுவோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்டியவள்.
அவர் சிரிக்கவில்லை.
பேனா கேட்டார்.

கேள்வி ஒன்பது: பகலில் எத்தனை மணி நேரம் உறங்குவீர்கள்?
"மூண்டு. மூண்டரை."
கேள்வி பத்து: வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?
"பெடியனை அவிழ்த்துவிடுவன்."

சலவை இயந்திரம் நின்றிருந்தது.

"நான் வெளிக்கிட்டாப் பிறகு இவற்ற தமையன்
அவனைக் கட்டில் காலோட கட்டிப்போடுவார்.
இரவில எழும்பித் திரியிறானாம்.
என்ர பழைய சேலைக் கரைதான்.
ஒண்டரை முழம் இருக்கும்."
அளந்து காட்டினார்,
மேசை விளிம்பிலிருந்து
சிவப்பு விளக்கு எரிகிற என் ஒலிப்பதிவுக் கருவி வரை.

எழுத்துப்படியில் அந்த இடம்:
(மௌனம், பதினொரு விநாடி.)
யாருடைய மௌனம் என்று குறிக்கும் வழமை இல்லை.

கைநூல் சொல்கிறது:
பதிவை நிறுத்துக. பங்கேற்பாளருக்கு வரம்பை நினைவூட்டுக.
நினைவூட்டினேன்.
"அதைத்தானே ரெண்டு தரம் வாசிச்சனீங்கள்"
என்றார்.
எத்தனையோ முறை ஒலியைத் திருப்பிப் போட்டுக் கேட்க விரும்பியிருக்கிறேன்.
குற்றச்சாட்டா, சம்மதமா?
ஆனால் விளக்கு அதற்குள் அணைந்துவிட்டிருந்தது.
நான்தான் அணைத்தேன், கைநூல்படி.

புரோனாவுக்கு அழைத்தேன்.
"பெயர்?" என்றாள்.
எண்ணையும் பெயரையும் முடிச்சுப் போடும் தாள்
வேறொரு கட்டடத்தில், பூட்டிய இழுப்பறையில்.
யாரும் திறக்கமாட்டோம் என்று
எழுதிக் கொடுத்துத்தான் அனுமதி வாங்கினோம்.
நல்ல பூட்டு. ஒரே திருகலில் திறந்தது.
சுகிர்தராணி.
பையன் ஆரூரன், ஏழு வயது.
கதவிலக்கம், அஞ்சல் குறியீடு,
சிறுவர் நலப் பிரிவின் காத்திருப்பு இசை,
என் வாயில் அவர் வீட்டு முகவரி.

வெள்ளிக்கிழமை வரைக்கும்
புள்ளிவிவரக்காரன் கேட்டுக்கொண்டிருந்தான்:
பதினேழின் மூன்றரை மணியைச்
சராசரியில் சேர்ப்பதா, விடுவதா?

மார்கழியில் ஓர் உறை வந்தது.
உள்ளே நாங்கள் கொடுத்த
பதினைந்து பவுண்ட் பரிசு அட்டை, கீறாமல்.
கடிதம் இல்லை.
அனுப்புநர் இடத்தில் வெறுமனே: 17.

கோபமென்றால் பெயரை எழுதியிருப்பார் என்று ஒரு நாள் நினைக்கிறேன்.
நன்றியென்றால் அட்டையை வைத்துக்கொண்டிருப்பார் என்று மறுநாள்.
பையனின் மணிக்கட்டைப் பற்றி எனக்கு எவரும் சொல்லவில்லை.
சொல்லக்கூடாது. அது அவர்களுடைய இரகசியம்.

பதினெட்டாம் எண், பஸ் பணிமனையில் இரவுக் காவலர்.
நான்காம் பத்தியை
ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி, வாசிக்கிறேன்.
பாரதூரமான என்ற இடத்தில் நிமிர்ந்து பார்க்கிறேன்.
அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
"சரி சரி, விளங்குது, பிள்ளை.
எங்க கையெழுத்து?"